ஊட்டிக் குளிரில் நோய் எதிர்ப்பு செல்களின் சவ்வுக் கொழுப்பை அளப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

எந்தப் புரோட்டோகாலை எடுத்தாலும் ‘அறை வெப்பநிலையில் அரை மணி நேரம்’ என்று ஒரு வரி இருக்கும். எழுதியவர் மனதில் இருப்பது 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். உதகையில் மார்கழி காலையில் ஆய்வக மேசை 12 டிகிரியைத் தொட்டாலே பெரிது. மதியம் வெயில் வந்தால் 18 ஆகும். ஆடி மழையில் நாள் முழுக்க 15-ஐச் சுற்றியே நிற்கும். மற்ற பல சோதனைகளில் குளிர் வேலையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சவ்வுக் கொழுப்பில் அளக்கப்படும் பொருளையே அது மாற்றிவிடுகிறது. மலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் என்ன ஆகிறதோ, அதன் மிதமான வடிவம்தான் செல் சவ்விலும் நடக்கிறது. கொலஸ்ட்ரால் இருப்பதால் சவ்வு முழுதாக உறையாது, ஆனால் மூலக்கூறுகள் நெருங்கி இறுகிக்கொள்ளும். அப்படி இறுகிய செல்லை அளந்துவிட்டு ‘மருந்து கொடுத்ததால் சவ்வு இறுகியது’ என்று எழுதினால் தப்பு மருந்தின் மேல் இல்லை.

அதனால் விலை உயர்ந்த சாயம் வாங்குமுன் மூன்று சாமான்கள் வாங்குங்கள்: அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு சிறிய வாட்டர் பாத், டியூப் செருகும் ஹீட்டிங் பிளாக். நோட்டில் ‘அறை வெப்பநிலை’ என்று ஒருபோதும் எழுத வேண்டாம், எண்ணை எழுதுங்கள். கீழே ‘22 டிகிரி’ என்று வரும் இடமெல்லாம் வாட்டர் பாத்தில் பிடித்து வைத்த 22.

எதை அளப்பது

‘சவ்வுக் கொழுப்பை அளப்பது’ என்பதற்குள் நான்கு வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. மேற்பரப்பில் ஜி.எம்.1 என்ற கேங்லியோசைடு (சர்க்கரை ஒட்டிய கொழுப்பு) எவ்வளவு? செல்லில் கட்டற்ற கொலஸ்ட்ரால் எவ்வளவு? சவ்வு எவ்வளவு இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது? மொத்தத்தில் என்னென்ன கொழுப்பு எத்தனை நானோமோல்? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்கு நீட்டக்கூடாது. ஜி.எம்.1 கூடியிருந்தால் ‘லிப்பிட் ராஃப்ட் (சவ்வில் இறுகிய கொழுப்புத் திட்டு) கூடிவிட்டது’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சோதனை ஜி.எம்.1-ஐ மட்டுமே சொல்கிறது.

புதியவர்கள் நேராக மனித ரத்தத்தில் இறங்க வேண்டாம். ஜுர்காட் என்ற டி செல் வரிசையில் கை பழகட்டும். 10 சதவீத சீரம் கலந்த ஆர்.பி.எம்.ஐ. 1640 மீடியத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை வைத்து வளர்த்தால் போதும். மாட்டுச் சீரத்திலேயே கொலஸ்ட்ராலும் கேங்லியோசைடும் உண்டு. ஒரு ஆய்வு முடியும் வரை ஒரே லாட் எண் சீரத்தையே பயன்படுத்துங்கள்.

உயரம் செய்யும் வேலை

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 77 கிலோபாஸ்கல். இன்குபேட்டரில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், மீடியத்துக்குப் போய்ச் சேரும் வாயுவின் பகுதி அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். மீடியத்தின் பிஹெச் சுமார் 0.1 ஏறி, சிவப்பு நிறம் லேசாக ஊதாப் பக்கம் சாயும். 6.5 சதவீதம் வைத்தால் ஏறக்குறைய சரியாகும். சரிபார்க்க, செல் இல்லாத மீடியத்தை ஒரு தட்டில் ஊற்றி இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் வெளியே எடுத்த கையோடு பிஹெச் பாருங்கள். பத்து நிமிடம் மேசையில் விட்டுப் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அழுத்தத்தைப் பார்த்து இயங்கும் ஆட்டோகிளேவில் கேஜ் 15 பி.எஸ்.ஐ. காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டுமானால் சுமார் 18.5 பி.எஸ்.ஐ. வேண்டும். கலன் அதைத் தாங்காது என்றால் நேரத்தைக் கூட்டி, ஸ்போர் ஸ்ட்ரிப் (பாக்டீரிய வித்துகள் தடவிய தாள்) வைத்துச் சோதியுங்கள்.

இன்னொன்று, சாயத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. இதன் உறைநிலை 18.5 டிகிரி. ஊட்டி மேசையில் உங்கள் சாய ஸ்டாக் பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும். அரைகுறையாக உருகியதில் பிபெட்டை விட்டால் சாயம் எந்தப் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. ஸ்டாக்கை 37 டிகிரியில் முழுக்க உருக்கி, வோர்டெக்ஸ் செய்து, ஒரு சொட்டுக்கூடக் கட்டியாக இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்தபிறகே எடுங்கள். சேர்க்கும் பஃபரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த பஃபரில் சாயம் துகள் துகளாகப் பிரிந்து, மைக்ரோஸ்கோப்பில் மின்னும் புள்ளிகளாகத் தெரியும். புதியவர்கள் அதை ‘ராஃப்ட்’ என்று படம் பிடிப்பதுண்டு.

ரத்தத்திலிருந்து செல் பிரித்தல்

மனித ரத்தம் என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், கொடுப்பவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும், கையாள்பவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் முதலில்.

ஹெப்பாரின் அல்லது இ.டி.டி.ஏ. ரத்தத்தைச் சம அளவு பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புநீர் பஃபர்) கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் என்ற பிரிப்புக் கரைசலின் மேல் மெதுவாகப் பரப்பி, 400 ஜி-யில் 30 நிமிடம், பிரேக் இல்லாமல் சுற்ற வேண்டும். இந்த முறை 18 முதல் 20 டிகிரிக்கு வகுக்கப்பட்டது. குளிரில் சிவப்பணுக்கள் ஒட்டித் திரள்வது குறையும், பிரிய நேரம் பிடிக்கும், லிம்ஃபோசைட் வரவும் குறையும். ரத்தம், ஃபைகால், பி.பி.எஸ். மூன்றையும் அரை மணி நேரம் 20 டிகிரி பாத்தில் வைத்த பிறகே தொடங்குங்கள். சென்ட்ரிஃபியூஜில் 20 என்று அமைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இயந்திரங்களுக்குக் குளிரூட்டத் தெரியும், சூடாக்கத் தெரியாது. காலியாகப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் சுழலறைக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஒரு மி.லி. ரத்தத்துக்குப் பத்து முதல் இருபது லட்சம் செல்கள் வந்தால் நல்ல வரவு. டிரைபன் ப்ளூவில் 90 சதவீதத்துக்குக் கீழே உயிர்ச்செல் இருந்தால் அன்றைய அளவீட்டை விட்டுவிடுங்கள். செத்த செல்லுக்குள் எல்லாச் சாயமும் புகுந்துகொள்ளும்.

ஜி.எம்.1: காலரா நச்சின் பி பகுதி

இங்கே குளிர் நமக்கு நண்பன், எல்லாமே ஐஸில்தான் நடக்கும். பத்து லட்சம் செல்களை 1 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டு அல்புமின் புரதம்) உள்ள 100 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ்.-ல் எடுத்து, ஒளிரும் சாயம் ஒட்டிய பி பகுதியை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவில் சேர்த்து, ஐஸில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, இரண்டு முறை கழுவ வேண்டும். ஐஸில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் புரதத்துக்கு ஐந்து கைகள். ஒரே நேரத்தில் ஐந்து ஜி.எம்.1-ஐப் பிடித்து ஒன்றாக இழுத்துவிடும். சூட்டில் செல் அதை உள்ளே விழுங்கவும் செய்யும். ஃபார்மால்டிஹைடு புரதத்தைப் பிணைக்கும், கொழுப்பைப் பிணைக்காது. எனவே ‘முதலில் ஃபிக்ஸ் செய்தேன் (செல்லை அப்படியே நிலைநிறுத்தினேன்), ஆகவே ஜி.எம்.1 நகரவில்லை’ என்று வாதாட முடியாது. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் சாயத்தின் மேலேயே விழட்டும்.

சாயமிட்டபின் 2 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்த டியூப்களை இருட்டில், 4 டிகிரியில், மறுநாள் கோவைக்கு எடுத்துப்போய் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் கருவி) ஓட்டலாம். மலையில் கருவி இல்லாதவர்களுக்கு இந்த ஒரு முறைதான் கைகொடுக்கும். கட்டுப்பாட்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க), சாயமற்ற பி பகுதியை நூறு மடங்கு அதிகமாக முன்கூட்டியே கொடுத்த ஒரு டியூப் கட்டாயம் வேண்டும். அந்த டியூபில் ஒளிர்வு வெகுவாகக் குறைந்துவிட வேண்டும்.

விளக்கம் சொல்லும்போது செல்லின் அளவைப் பாருங்கள். தூண்டப்பட்ட டி செல் வீங்கிப் பெரிதாகும். மொத்த ஒளி இரு மடங்கானது ஜி.எம்.1 அடர்த்தி கூடியதாலா, செல் பெரிதானதாலா என்பதை முன்சிதறல் (செல்லின் பருமனைக் காட்டும் சிதறிய ஒளி) அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கொலஸ்ட்ரால்: ஃபிலிப்பின்

ஃபிலிப்பின் என்ற ஒளிரும் பொருள் கட்டற்ற கொலஸ்ட்ராலைப் பிடிக்கும், எஸ்டராக மாறியதைப் பிடிக்காது. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் ஃபிக்ஸ் செய்து, கிளைசினால் மிச்சத்தை அடக்கி, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஃபிலிப்பினில் 22 டிகிரியில் ஒரு மணி நேரம், இருட்டில். டிட்டர்ஜென்ட் வேண்டவே வேண்டாம். ஃபிலிப்பினே சவ்வில் ஓட்டை போட்டு உள்ளே போகும், டிரைட்டான் சேர்த்தால் கொலஸ்ட்ராலையே கழுவிவிடும். மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்தாலும் அதே கதி.

இது புற ஊதாவில் ஒளிரும், டேப்பி ஃபில்டர் போதும். ஆனால் சில நொடிகளிலேயே மங்கிவிடும். ஒரு புலத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, வேறு புலத்துக்கு நகர்ந்து, பார்க்காமலேயே படம் எடுங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே எக்ஸ்போஷர் இருக்கட்டும். உயிர்ச்செல் சாயம் சிவப்பில் ஒளிர்வதாகத் தேர்ந்தெடுங்கள், நீலம் மோதும். மழைக்காலத்தில் படம் வழக்கத்தைவிட மங்கலாக இருந்தால் ஃபிலிப்பினைத் திட்டுமுன் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். நீலகிரி ஈரத்தில் ஆப்ஜெக்டிவ் கண்ணாடியில் பூஞ்சை நூல் ஓடுவது சாதாரணம். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் லென்ஸ்களை வைப்பது இந்த ஊரில் ஆடம்பரம் ஆகாது.

சவ்வின் இறுக்கம்

வெப்பநிலை முழு ஆட்டம் காட்டும் இடம் இதுதான். இரண்டு சாயங்கள் புழக்கத்தில் உள்ளன. லார்டான் 350 நானோமீட்டர் அருகே தூண்டப்பட்டு, இறுகிய சவ்வில் 440 பக்கமும் தளர்ந்த சவ்வில் 490 பக்கமும் ஒளிரும். டை-4-ஏ.என்.இ.பி.பி.டி.ஹெச்.கியூ. சாயத்தைச் சாதாரண 488 லேசரே தூண்டும். இறுகிய சவ்வில் பச்சைப் பக்கம், தளர்ந்ததில் சிவப்புப் பக்கம். புற ஊதா லேசர் எல்லாக் கருவியிலும் இருக்காது என்பதால் தொடங்குவோருக்கு இரண்டாவதைத்தான் சொல்வோம்.

இந்த அளவீட்டுக்கு உயிருள்ள செல் வேண்டும். ஃபிக்ஸ் செய்து கோவைக்கு அனுப்பும் வழி இங்கே கிடையாது. சீரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே சீரம் இல்லாத, 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர் கலந்த ஹேங்ஸ் உப்புக் கரைசலில் செல்களைக் கழுவி, மி.லி.க்குப் பத்து லட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெப்பெஸ் பஃபரின் பிஹெச்சை 37 டிகிரியில் சரிசெய்யுங்கள். 12 டிகிரியில் 7.4 என்று அமைத்தது 37-ல் 7.05 அருகே இறங்கிவிடும். மீட்டரில் இருக்கும் ‘வெப்பநிலை ஈடு’ மின்முனைக்கு மட்டுமே, பஃபருக்கு அல்ல.

சாயம் 1 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம், இருட்டில். பிறகு தாமதிக்காமல் கருவிக்கு. நேரம் ஆக ஆகச் சாயம் உட்சவ்வுகளுக்கு இறங்கும். அவை மேற்சவ்வைவிடத் தளர்வானவை, ஆகவே இறுக்கத்தைக் காட்டும் ஜி.பி. எண் தானாகவே குறைந்துகொண்டே போகும். பச்சைக்கு 530 அருகேயும் சிவப்புக்கு 650-க்கு மேலும் உள்ள சேனல்களை எடுத்து, சாயமிடாத செல்லின் ஒளியைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டியது:

ஜி.பி. = (பச்சை − சிவப்பு) ÷ (பச்சை + சிவப்பு)

விடை −1 முதல் +1 வரை வரும். டிடெக்டர் வோல்டேஜை மாற்றினால் இதுவும் மாறும். எனவே ஆய்வு முழுக்க ஒரே வோல்டேஜ். மைக்ரோஸ்கோப்பில் செய்பவர்கள் டி.எம்.எஸ்.ஓ.-வில் கரைத்த சாயத்தை அளந்து திருத்தக் காரணியையும் சேர்க்க வேண்டும்.

கருவி அறையில் டியூபை ரேக்கில் வரிசையாக வைத்தால் முதல் டியூப் 37-லும் கடைசி டியூப் 20-லும் ஓடும். கட்டுப்பாட்டு டியூப்களை முதலிலும் மருந்து கொடுத்தவற்றைக் கடைசியிலும் வைத்திருந்தால் அழகான, முற்றிலும் பொய்யான வித்தியாசம் கிடைக்கும். ஹீட்டிங் பிளாக்கைக் கருவி பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஓட்டுங்கள். கட்டுப்பாடு, மருந்து, கட்டுப்பாடு, மருந்து என்று மாற்றி மாற்றி வையுங்கள். கடைசியில் முதல் டியூபின் இணையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் அந்த அளவுதான் உங்கள் அன்றைய பிழை.

முறை வேலை செய்கிறதா என்று அறிய மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 5 மில்லிமோலார், சீரம் இல்லாமல், 37 டிகிரியில் 15 நிமிடம். கொலஸ்ட்ரால் உருவப்பட்டு ஜி.பி. விழ வேண்டும். 10 மில்லிமோலாருக்குப் போனால் செல்லே சாகத் தொடங்கும், அப்போது விழுவது எதனால் என்று சொல்ல முடியாது.

கொழுப்பைப் பிரித்தெடுத்தல்

பிளை, டயர் இருவரும் 1959-ல் வெளியிட்ட முறை இன்றும் போதும். கண்ணாடி மட்டுமே. பாலிஸ்டைரீன் குளோரோஃபார்மில் கரையும், பாலிப்ரொப்பிலீன் கரையாவிட்டாலும் பிளாஸ்டிக் சேர்மங்களை விடும். மூடியில் டெஃப்லான் உறை வேண்டும், பாராஃபில்ம் கூடாது. எல்லாம் ஃப்யூம் ஹுட்டில்.

1. ஒரு கோடி செல்களைக் கடைசிக் கழுவலில் பி.பி.எஸ்.-க்குப் பதில் 0.9 சதவீத உப்புநீரில் கழுவி, 0.8 மி.லி. உப்புநீரில் கலக்குங்கள். பி.பி.எஸ்.-ல் உள்ள பாஸ்பேட் பின்னால் வரும் கணக்கைக் கெடுக்கும்.
2. உட்தரக் கொழுப்பு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கொழுப்பு) சேர்ப்பதானால் இப்போதே சேர்க்க வேண்டும். பிரித்தபின் சேர்த்தால் வழியில் எவ்வளவு இழந்தோம் என்பதை அது சொல்லாது.
3. மெத்தனால் 2 மி.லி., 0.01 சதவீதம் பி.ஹெச்.டி. (ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) கலந்தது. பிறகு குளோரோஃபார்ம் 1 மி.லி. வோர்டெக்ஸ் செய்து 22 டிகிரியில் 15 நிமிடம். இந்த நிலையில் கலவை ஒரே அடுக்காக இருக்க வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் நீர் கூடிவிட்டது என்று பொருள், மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தெளிவியுங்கள்.
4. குளோரோஃபார்ம் 1 மி.லி., வோர்டெக்ஸ். நீர் 1 மி.லி., மறுபடி வோர்டெக்ஸ்.
5. 500 ஜி, 10 நிமிடம். மேலே நீரும் மெத்தனாலும், நடுவே வெள்ளைப் புரதத் தட்டு, கீழே குளோரோஃபார்ம்.
6. கண்ணாடி பாஸ்டர் பிபெட்டில் லேசாகக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே மேலடுக்கைத் தாண்டி அடிக்குப் போய், கீழடுக்கை மட்டும் உறிஞ்சுங்கள். மிச்சத்தில் இன்னொரு 2 மி.லி. குளோரோஃபார்ம் விட்டு மறுபடி ஒருமுறை கீழடுக்கை எடுத்து முன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.
7. நைட்ரஜன் வாயு ஊதி 30 டிகிரி பாத்தில் உலர்த்துங்கள். உடனே குளோரோஃபார்ம், மெத்தனால் 2:1 கலவையில் 200 மைக்ரோலிட்டரில் கரைத்துப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் −20 டிகிரிக்குக் கீழே. உலர்ந்த படலத்தை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் ஆக்சிஜன் அதைத் தின்றுவிடும்.

மேலடுக்கைக் கொட்டுமுன் யோசியுங்கள்: கேங்லியோசைடுகளில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. ஜி.எம்.1 தேடுபவர் அதைக் கொட்டிவிட்டுக் கீழே தேடினால் கிடைக்காது.

இந்த உயரத்தில் குளோரோஃபார்மின் கொதிநிலை 61-லிருந்து 53 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உலர்த்தும் பாத்தைச் சமவெளிப் புத்தகம் சொல்வதைவிடக் குறைவாகவே வையுங்கள். சமவெளியில் மூடிய பாட்டிலை இங்கே முதல்முறை திறக்கும்போது உள்ளிருக்கும் அழுத்தம் சீறும். ஹுட்டுக்குள், மெதுவாக. காற்றழுத்த பிபெட்டில் குளோரோஃபார்ம் ஒழுகும், ஆதலால் கண்ணாடிச் சிரிஞ்சே நம்பகம். கழிவைத் தனிக் குப்பியில் ‘ஹாலஜன் கரைப்பான்’ என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். மலையில் சிங்க்கில் ஊற்றியது கீழே யாரோ ஒருவரின் ஓடைக்குத்தான் போகிறது.

பாஸ்பரஸ் கணக்கு

மொத்த பாஸ்போலிப்பிடுக்கு (பாஸ்பரஸ் உள்ள சவ்வுக் கொழுப்பு) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி) தேவையில்லை. கரைசலில் ஒரு பங்கைக் கண்ணாடி டியூபில் துளி ஈரமின்றி உலர்த்தி, 70 சதவீத பெர்குளோரிக் அமிலம் 0.65 மி.லி. விட்டு, 180 டிகிரி பிளாக்கில் நிறம் போகும் வரை சுமார் அரை மணி நேரம். கரிமக் கரைப்பான் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் வெடிக்கும் ஆபத்து உண்டு. பெர்குளோரிக்குக்கென்றே கழுவும் வசதியுள்ள ஹுட் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம், மாதிரியை அனுப்பிவிடுங்கள். ஆறியபின் நீர் 3.3 மி.லி., 2.5 சதவீத அம்மோனியம் மாலிப்டேட் 0.5 மி.லி., 10 சதவீத அஸ்கார்பிக் அமிலம் 0.5 மி.லி. அடுத்து ‘கொதிநீரில் 5 நிமிடம்’ என்று வரும். உதகையில் நீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், நீல நிறம் முழுதாக எழாது. டியூப்களை 100 டிகிரி பிளாக்கில் வையுங்கள். ஸ்டாண்டர்டுகளும் அதே பிளாக்கில், அதே நேரத்தில். 800 நானோமீட்டரில் படியுங்கள். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் 0 முதல் 100 நானோமோல் வரை ஸ்டாண்டர்டு. சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கும், கண்ணாடியை அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். வெற்று டியூபே நீலமானால் குற்றவாளி அதுதான்.

கீழே அனுப்புதல்

கொழுப்பு வகைகளைத் தனித்தனியாக எண்ண மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அதற்கு மாதிரி மலையிறங்கியாக வேண்டும். குப்பியை நைட்ரஜன் நிரப்பி மூடி, தெர்மோகோல் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, உலர்பனியால் (திட கார்பன் டை ஆக்சைடு) சூழுங்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டக்கூடாது, வாயு விரிந்து வெடிக்கும். காரில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், மூடிய வண்டியில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் ஓட்டுநருக்கு மயக்கம் வரும். பர்லியார் வழியோ கோத்தகிரி வழியோ, மழை நாளில் மண் சரிந்திருக்கிறதா என்று கேட்டபிறகே உலர்பனியை வாங்குங்கள். அனுப்பும் நாள் திங்கள் அல்லது செவ்வாயாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி வரவேற்பு மேசையில் ஞாயிறு வரை கிடக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை உதகையிலேயே −80-ல் நிறுத்திவைத்து, அந்த ஃப்ரீசரின் ஸ்டெபிலைசரையும் ஜெனரேட்டர் இணைப்பையும் மழைக்கு முன்பே ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.